பழைய டீசல் வாகனம்: கெட்டியான ஆயில் ஊற்றினால் இன்ஜின் ஆயுள் கூடுமா?

புதுதில்லி: 2 லட்சம் கிலோ மீட்டரைக் கடந்த டீசல் காரையோ வேனையோ ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு செல்லும் உரிமையாளர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை, 'வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி கெட்டியான ஆயில் ஊற்றுங்கள்' என்பதுதான். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினால், இன்ஜினைப் பிரித்துச் சீரமைக்கும் செலவில் போய் முடியலாம்.

ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-40 என்பது போன்ற குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் குளிரில் ஆயில் பாயும் திறனையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கின்றன. தேய்ந்த இன்ஜினில் பேரிங் இடைவெளிகள் அதிகரித்திருக்கும் என்பதால், சூடான நிலையில் 30 வகையை விட 40 வகை ஆயில் அழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாகத் தக்கவைக்கும். ஆயில் எரிந்து குறைவதும் ஓரளவு மட்டுப்படும்.

ஆனால், குளிர்ந்த இன்ஜின் இயங்கத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் கெட்டியான ஆயில் டர்போ பேரிங்குகளைத் தாமதமாகவே சென்றடையும். மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா உள்ளிட்ட கார்களில் இடம்பெற்ற ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் கருவியும் ஆயில் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. எனவே, வாகனக் கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி மேலே செல்லலாம். அதைத் தாண்டுவது சரியல்ல. லே போன்ற கடுங்குளிர் பகுதிகளுக்கு 5டபிள்யூ வகை ஏற்றது. சமவெளியில் ஓடும் பழைய வாகனத்துக்கு, கையேடு அனுமதித்தால், 15டபிள்யூ போதும்.

டீசல் இன்ஜினைப் பொறுத்தவரை, இந்த எண்களை விடவும் தரக் குறியீடே முக்கியமானது. ஏபிஐ எனப்படும் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் வரிசையில் 1990-ல் அறிமுகமாகி, பின்னர் கைவிடப்பட்ட சிஎஃப்-4 வகை, குறைந்த விலை காரணமாக இந்தியக் கடைகளில் இன்றும் விற்பனையாகிறது. 2002-ல் வந்த சிஐ-4, 2016 இறுதியில் வந்த சிகே-4 ஆகியவை கரித்துகளைத் தாங்கும் திறனில் அதைவிடப் பல படிகள் மேலானவை. சிகே-4 வகையுடன் அறிமுகமான எஃப்ஏ-4 பழைய இன்ஜின்களுக்கு உகந்ததல்ல.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளின்படி தயாரான டீசல் கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றின் புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டியில் ஆயிலின் சாம்பல் படிந்தால், அதை எரித்து நீக்க இயலாது. கையேடு குறிப்பிடும் குறைந்த சாம்பல் கொண்ட ஆயிலை மட்டுமே இவற்றில் ஊற்ற வேண்டும்.

ஆயிலை மாற்றுவதற்கு முன்பு அளவுக் குச்சியைப் பார்ப்பது அவசியம். 1,000 கிலோ மீட்டருக்கு எவ்வளவு குறைகிறது எனக் குறித்து வர வேண்டும். அளவு குறைவதுடன் நீலப் புகையும் வந்தால் பிஸ்டன் ரிங், வால்வு சீல் அல்லது டர்போவில் தேய்மானம் இருக்கலாம். கெட்டியான ஆயில் அதை மறைக்குமே தவிர, சரிசெய்யாது. கறுப்புப் புகை வருவது பெரும்பாலும் எரிபொருள் அல்லது காற்று தொடர்பான கோளாறு. அளவு கூடி, டீசல் வாடை வீசினால் நிலைமை மோசம் என்று பொருள். ஆயிலில் டீசல் கலந்து, அது நீர்த்துப்போயிருக்கும். அந்த நிலையில் வாகனத்தை மேலும் ஓட்டினால் பேரிங்குகள் பழுதாகும்.

புதிதாக ஊற்றிய ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடுகிறதே என்று பலர் கவலைப்படுகின்றனர். டீசல் இன்ஜினில் அது இயல்பு. கரித்துகளை ஆயில் தன்னுள் ஏந்திக்கொள்கிறது என்பதற்கான அடையாளம் அது.

பராமரிப்பு வரலாறு தெரியாத பழைய வாகனத்தை வாங்கியவர்கள், கசடை ஒரேயடியாகக் கரைக்கும் ஃப்ளஷ் திரவங்களைத் தவிர்ப்பது நல்லது. பெயர்ந்து வரும் கசடு, ஆயில் பம்புக்கு முன்புள்ள சல்லடையை அடைத்துவிடக்கூடும். தரமான ஆயிலை ஊற்றி, முதல் இரண்டு முறை வழக்கமான இடைவெளியில் பாதியிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால், கசடு படிப்படியாக வெளியேறும்.