குழாய் வந்தாலும் கிணற்றைத் தூர்க்க வேண்டாம்

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதே எமது கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவராகும்; மலசலகூடக் கழிவும் பசளையும் அதிலேயே சேரும்.

ஆகவே கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து குழாயில் நீர் கொண்டுவரத் திட்டமிட்டனர். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனும் 2010 இல் அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் அது நெல் வயலுக்கென்று கட்டிய குளம். மாரி பொய்த்த ஆண்டில் யாருக்கு முதலுரிமை? சிறுபோகத்தை இழப்பவருக்கு யார் ஈடு கொடுப்பது? விவசாயிகள் எதிர்த்ததில் எமக்குப் பிழை தெரியவில்லை. வரட்சிக்காலப் பங்கீட்டை அவர்களோடு பேசித் தீர்த்த பின்னரே குழாயைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். கடல் வற்றாதுதான்; ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் நிறைய வேண்டும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகள் நினைவிருக்கிறதல்லவா?

எனவே மீளக் குடியேறுவோர், குழாய் வந்தாலும், பழைய கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி வைத்திருங்கள். மலசலகூடக் குழியை அதற்கு எட்டத்தில் வெட்டுங்கள். குழாய் இணைப்புக்குக் கையொப்பமிடும் நாளில் அதிகாரியிடம் ஒன்று கேளுங்கள்: மின்சாரம் நின்றால், தாங்கியிலுள்ள நீர் எங்கள் ஊருக்கு எத்தனை நாள் காணும்?