ஐந்து பொருள் 'பஞ்ச்'

வெலிங்டன் தீவில் நம் வீட்டு விருந்துகளில் கலக்கப்படும் 'பஞ்ச்' மேல்நாட்டுச் சரக்கு என்றே பலரும் நினைக்கிறோம். ஐந்தைக் குறிக்கும் 'பஞ்ச' என்ற நம் நாட்டுச் சொல்லே அதன் பெயராயிற்று என்பது பரவலான கருத்து. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைப் பொருள் ஆகியவையே அந்த ஐந்து. சோழமண்டலக் கரையிலிருந்த ஆங்கிலக் கம்பெனி ஊழியர் ஒருவர் 1632-இல் எழுதிய கடிதத்திலேயே இப்பெயர் வருகிறது.

அளவு எளிது. புளிப்பு 1 பங்கு, இனிப்பு 2, மது 3, தண்ணீர் 4. கேரளத்தில் 1996 ஏப்ரலில் சாராயம் தடை செய்யப்பட்டதால் ரம்மே கைகொடுக்கும். இருவருக்கு எலுமிச்சைச் சாறு 30 மி.லி., சர்க்கரைப் பாகு 60, ரம் 90, குளிர்ந்த நீர் 120. நன்றாகக் கலக்கி, மேலே சிறிது ஜாதிக்காய் துருவிப் போடவும். தண்ணீருக்குப் பதில் ஆறிய கட்டன் சாயா, சர்க்கரைக்குப் பதில் வெல்லப்பாகு சேர்த்தும் பார்க்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இனிப்பும் புளிப்பும் மதுவின் காட்டத்தை மறைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு டம்ளரிலும் 45 மி.லி. ரம் இருக்கிறது. கண்ணளவில் ஊற்றாமல் அளந்தே ஊற்றுங்கள். தீவிலிருந்து வீடு திரும்பப் பாலம் கடக்க வேண்டும்; குடித்தவர் வண்டியைத் தொடக்கூடாது.

மது வேண்டாதவர்கள் ரம்மை விட்டு, வெல்லம், ஏலம், சுக்கு சேர்த்தால் அதுவே நம் ராமநவமிப் பானகம். குழந்தைகளுக்கும் ஒரு டம்ளர் கிடைக்கும்!