கச்சத்தீவு: ஒரே கடல், ஒரே மொழி, இரண்டு காயக் கணக்கு

கச்சத்தீவு என்று கேட்டதும் மனதில் முதலில் என்ன ஓடுகிறது? 'நம்மகிட்ட இருந்து போயிடுச்சே' என்பதுதானே. மொத்தம் 285 ஏக்கர். ஊர் இல்லை, குடியிருப்பவர்கள் இல்லை. ஒரு அந்தோணியார் கோயில், வருடத்துக்கு ஒருமுறை திருவிழா, அவ்வளவுதான். நம்மில் பெரும்பாலானோர் அங்கே கால் வைத்ததே கிடையாது. ஆனாலும் அந்தப் பேரைக் கேட்டால் ஏதோ குத்துகிறது.

சொந்தமாகப் பார்க்காத, அனுபவிக்காத ஒரு இழப்பு நம்முடையதாக எப்படி ஆகிறது? உளவியல் இதைத்தான் கூட்டு மனக்குறை என்கிறது. 'எனக்கு' நடந்ததைவிட 'எங்களுக்கு' நடந்தது அதிகமாக வலிக்கும் நிலை. அரசியலுக்கு இதைவிட நல்ல எரிபொருள் கிடையாது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது. நம் மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் அங்கே போய்வரலாம் என்றது அதன் 5-வது பிரிவு. 1976 மார்ச்சில் வந்த அடுத்த ஒப்பந்தம், ஒரு நாட்டுப் படகுகள் இன்னொரு நாட்டு நீரில் மீன் பிடிக்கக் கூடாது என்றாக்கியது. அப்போது தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி. 'எங்களைக் கேட்காமலே கொடுத்துட்டாங்க' என்ற வார்த்தை அரை நூற்றாண்டாக உயிரோடு இருக்க இதுவும் ஒரு காரணம். சொத்து போனதைக்கூட மனிதர்கள் மறந்துவிடுவார்கள். தன்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்பதை மறக்க மாட்டார்கள்.

இனி அக்கரைக்குப் போவோம். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு. அங்கே இருப்பவர்களும் தமிழர்கள், மீனவர்கள். போர்க்காலம் முழுக்க அவர்களுக்குக் கடலே பாதி மூடிக் கிடந்தது. 2009-க்குப் பிறகு, இனியாவது தொழில் செய்யலாம் என்று வலையோடு இறங்கியவர்கள் எதிரே பார்த்தது, நம் பக்கத்து விசைப்படகுகளை. கடலடியை அரித்துக்கொண்டு போகும் இழுவைமடி, வழியில் அவர்கள் விரித்து வைத்த வலைகளையும் கிழித்துக்கொண்டு போய்விடும். 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளிலேயே ஒரு போராட்டம் நடந்தது. முன்னின்றவர் சுமந்திரன், தமிழ் எம்.பி. போராட்டம் எதற்கு எதிராக? தமிழ்நாட்டுப் படகுகள் செய்யும் இழுவைமடித் தொழிலுக்கு எதிராக! நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் இந்தச் செய்தி எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று தெரியவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க ராணுவத்தை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. பதவி உயர்வு மளமளவென்று கிடைத்த விமானப் படையில்தான் அதைப் பற்றிய புலம்பல் அதிகம். உயர்வே அரிதான ராணுவ போலீஸில் குறைவு. மனக்குறை, இல்லாமையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை; பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிடுவதிலிருந்தும், 'இப்போவாவது கிடைக்கும்' என்ற எதிர்பார்ப்பிலிருந்தும் பிறக்கிறது. போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய வடக்கு மீனவருக்கு இது அப்படியே பொருந்தும். தாத்தா காலத்தில் தடையில்லாமல் போய்வந்த இடத்தில் இன்று கைதாகும் ராமேஸ்வரத்துக்காரருக்கும் பொருந்தும்.

இதற்கு அடுத்த கட்டம்தான் சிக்கலானது. 'யாருக்குக் காயம் அதிகம்' என்ற போட்டி. 2017 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் ராமேஸ்வரம் இளைஞர் ஒருவர் இறந்தபோது தங்கச்சிமடத்தில் நாள்கணக்கில் போராட்டம் நடந்தது. 2021 ஜனவரியில் கடற்படைக் கப்பலோடு நடந்த மோதலில் நான்கு பேர் போனார்கள். அக்கரையில், 2022 தொடக்கத்தில் வடமராட்சியில் இரண்டு மீனவர்கள் கடலில் இறந்தார்கள். இந்தியப் படகு மோதியதால்தான் என்று சொல்லி ஊரே திரண்டது. இறந்தவர்கள் எல்லோருமே பிழைப்புக்காகக் கடலுக்குப் போனவர்கள். ஆனால் ஒரு கரையின் சாவு மறு கரையின் காதில் விழுவதே இல்லை. தன் காயத்தை எண்ணிக்கொண்டே இருக்கும் கூட்டம், எதிரே இருப்பவரின் காயத்தை ஒப்புக்கொண்டால் தன்னுடையது சிறுத்துவிடும் என்று பயப்படுகிறது.

இதில் அரசியல் எங்கே நுழைகிறது? 1970-களின் தொடக்கத்தில் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை ஒப்புக்குச் சப்பாணியான ஒரு காரணத்தைச் சொல்லி இரண்டு அணியாகப் பிரித்துப் பணம் பங்கிடச் சொன்னார். தங்கள் அணிக்கு எவ்வளவு அதிகம் கிடைக்கும் என்று பார்ப்பதைவிட, எதிரணியைவிட எவ்வளவு கூடுதல் என்பதிலேயே பல பையன்களின் கண் இருந்தது. தங்கள் பங்கு குறைந்தாலும் பரவாயில்லையாம்! நம் கச்சத்தீவு விவாதத்தை இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். 2024 மார்ச் 31, தேர்தல் நேரம். பிரதமர் மோடி எக்ஸ் தளத்தில் காங்கிரஸைச் சாடினார். உடனே 'யார் கொடுத்தது, யார் சும்மா இருந்தது' என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. 2025 ஏப்ரல் 2-ம் தேதி தீவை மீட்கக் கோரி சட்டப்பேரவையில் தீர்மானம் போட்டபோது பா.ஜ.க. உட்பட எல்லோரும் ஆதரித்தார்கள். ஆகஸ்ட்டில் மதுரை மாநாட்டில் விஜய் இதையே பேசினார். செப்டம்பர் 1-ம் தேதி இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க நேரில் போய்த் தீவில் இறங்கினார். அவருக்கும் கேட்க ஒரு கூட்டம் இருக்கிறதல்லவா.

இத்தனை சத்தத்தில் இழுவைமடி பற்றி யாராவது பேசினார்களா? நாளைக்கே தீவு திரும்பக் கிடைத்தாலும், நெடுந்தீவுப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் போய் மடி இழுக்கும் உரிமை அதோடு சேர்ந்து வரப்போவதில்லை. தீவு ஒரு சின்னம். சண்டை மீனுக்கும் இறாலுக்கும். சின்னத்துக்காகச் சண்டை போடுவது சுலபம். தொழில்முறையை மாற்றச் சொன்னால் உள்ளூரிலேயே சிலரைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஏனென்றால், 'தமிழக மீனவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே பல பேர் இருக்கிறார்கள். படகு முதலாளி ஒருவர், அதில் பங்குக்குப் போகும் தொழிலாளி இன்னொருவர். சிறையில் கிடப்பது பெரும்பாலும் இரண்டாமவர். நாட்டுப்படகுக்காரர் வேறு. அவருக்கும் விசைப்படகுக்கும் பழைய பகை உண்டு, அவர் வலையும் கிழிந்ததுதான். அதனால் வந்த ஏற்பாடுதான் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகு. 'எதிரி' என்று ஒருவரைக் கைகாட்டிவிட்டால் இந்த உள்பிளவு வெளியே தெரியாமல் போய்விடும். துருவப்படுத்தலின் பெரிய வசதி இதுதான்.

மீனவர்களே நேருக்கு நேர் உட்கார்ந்து பேசாமல் இல்லை. 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் பேசினார்கள். 'முதல்ல மடியை நிறுத்துங்க' என்பது அவர்கள் பக்கம்; 'மாறுறதுக்கு அவகாசம் கொடுங்க' என்பது நம் பக்கம். 2017-ல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே ஆண்டு நம் பக்கம் விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் மானியத் திட்டம் வந்தது, வேகம் பிடிக்கவில்லை. பாக் நீரிணையின் ஆழமற்ற கடலில் இறால் பிடித்துப் பழகியவர்களுக்கு ஆழ்கடல் வேறு தொழில், கடனும் பெரிது.

ராமேஸ்வரம் விசைப்படகுகளின் முறை திங்கள், புதன், சனி. நம் நாட்டுப்படகுகளைக் காப்பாற்றப் போட்ட அந்த அட்டவணை, அக்கரைக்காரர்களுக்கும் மனப்பாடம். அந்த மூன்று இரவுகளில் வலை போனால் போனதுதான் என்று வடக்கு மீனவர்களில் பலர் படகைக் கரையிலேயே கட்டிவைத்துவிடுகிறார்கள்.