எந்த வண்டிக்கு எந்தச் சக்கரம்?

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பார்கள் பெரியவர்கள். அச்சாணி இருந்தாலும், இடத்துக்குப் பொருந்தாத சக்கரம் போட்டால் வண்டி ஓடாது. ஓடினாலும் நம் இடுப்பை ஒடித்துவிடும். தோட்டங்கள் கைமாறிப் போன பிறகு நம் மக்களில் பலர் பட்டணம் வந்து, பலகாரக்கடை, பூக்கடை, சந்தையில் சாமான் தள்ளும் வேலை என்று பிழைக்கிறார்கள். அவர்களுக்குத் தள்ளுவண்டிதான் மூன்றாவது கை. “அட, சக்கரம்தானே! மலிவா கிடைச்சதைப் போடு” என்று இருந்துவிடலாமா?

சிங்கப்பூர் தேக்காவையே எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலை அஞ்சடியில் தரை ஏறும், இறங்கும். நடுவே படி, சாக்கடை மூடி. இரண்டு அங்குலச் சக்கரம் கம்பி இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஐந்து அங்குல ரப்பர்ச் சக்கரம் தாண்டிப் போய்விடும். சத்தமும் குறைவு, குழம்புப் பானையும் அதிகம் தளும்பாது.

ரப்பர் நம் கைபட்ட பொருள். 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள்தான். 1888-ல் அங்குள்ள தாவரத் தோட்டத்துப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். அந்த ரப்பருக்கும் குறை உண்டு. எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊதிக் கெட்டுப்போகும். பாரத்தோடு நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் சப்பையாகும். வடை சுடும் இடத்துக்கும் மோட்டார் பட்டறைக்கும் அது ஆகாது.

நைலான் கெட்டியானது. வழவழப்பான சிமெண்டுத் தரையில் கனத்த பாரத்தையும் லேசாகத் தள்ளலாம். ஆனால் கடகடவென்று சத்தம் போடும், ஓட்டுத் தரையைக் கீறும். தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பால் உறையப் போடும் பார்மிக் ஆசிட், தண்ணீர் கலக்குமுன் நைலானையே கரைத்துவிடும்! ஆசிட் ஏற்றும் வண்டிக்குப் பாலிபுரோப்பிலீன் சக்கரம் நல்லது. சக்கரம் உடைந்து வண்டி சாய்ந்தால் ஆசிட் கொட்டுவது நம் காலில்தானே?

இரண்டுக்கும் நடுவில் இருப்பது பாலியூரித்தேன். எளிதில் தேயாது, எண்ணெய்க்கு அஞ்சாது, தரையில் கறுப்புக் கோடு போடாது. ஆனால் அதில் ஒரு ரகம் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். “ஈரம் தாங்குமா?” என்று கேட்டு வாங்குங்கள். மீன் சந்தைக்கு வாங்கினால் அச்சும் பேரிங்கும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அடுப்புச் சூட்டில் நிற்கும் வண்டிக்கு வார்ப்பிரும்பு. செம்மண் பாதைக்குக் காற்றடைத்த டயர்தான் சரி.

பாரக் கணக்கு ஒன்று சொல்கிறோம். வண்டியும் சாமானும் சேர்ந்து 240 கிலோ என்றால், நான்கு சக்கரத்துக்கு 60 கிலோ வீதம் என்று போடாதீர்கள். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் தரை தொடாமல் நிற்கும், மூன்றுதான் சுமக்கும். ஆகவே மூன்றால் வகுத்து, 80 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் சக்கரமாக வாங்குங்கள். இரண்டு சக்கரத்திலாவது பிரேக் இருக்கட்டும். கொதிக்கிற எண்ணெயை வைத்துக்கொண்டு வண்டி தானாக நகரக்கூடாது.

காண்டா வாளி சுமந்து தோள் காய்த்தவர்கள் நாம். அந்தத் தோளுக்கு இனியாவது ஓய்வு வேண்டாமா? கடைக்குப் போகுமுன் தரை, பாரம், ஈரம், எண்ணெய், சூடு இந்த ஐந்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நாலு வெள்ளி கூடப் போனாலும் பரவாயில்லை, உடம்பு மிஞ்சும்.