ஆட்டுக் கொம்பும் அக்கா மகளும்!

வெள்ளாட்டுக்கும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் உள்ள சொந்தம் ரொம்ப நெருக்கம். கறி வீட்டுக்கு, தோல் ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளுக்கு. அதனால் நெமிலி பக்கத்து வாசகர்களிடமே முதல் கேள்வியைக் கேட்போம்.

கிடாவும் மோழை, பெட்டையும் மோழை. இரண்டுக்கும் கொம்பு கிடையாது. ஆனால் பிறந்த குட்டிக்குக் கொம்பு முளைக்கிறது. எப்படி?

"மேய்ச்சலுக்குப் போன இடத்துல வேற கிடா சேர்ந்திருக்கும்" என்று பெட்டை மேல் பழி போட்டுவிடாதீர்கள். காரணம், தாய், தகப்பன் இரண்டின் உடம்பிலும் ஒளிந்திருக்கலாம். அது புரிந்துவிட்டால், சொந்தத்தில் பெண் எடுக்கும் நம் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயமும் புரிந்துவிடும்.

நாலு கட்டம் போடுங்க!

எந்தக் குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு ஜீன், தகப்பனிடமிருந்து ஒரு ஜீன் குட்டிக்கு வருகிறது. மோழை ஜீனை 'மோ' என்றும், கொம்பு ஜீனை 'கொ' என்றும் வைத்துக்கொள்வோம். இதில் 'மோ'வுக்குத்தான் பவர் அதிகம். ஒரு 'மோ' இருந்தாலே கொம்பு வராது. 'கொ' சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

தாயும் தகப்பனும் 'மோகொ' என்றால், தகப்பன் தருவதை மேலேயும், தாய் தருவதைப் பக்கத்திலும் எழுதி நிரப்புங்கள்:

மோ + மோ = மோழை
மோ + கொ = மோழை
கொ + மோ = மோழை
கொ + கொ = கொம்பு

நாலில் ஒரு பங்கு கொம்பு! இதற்குப் பெயர் 'புன்னெட் கட்டம்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோழிக் கொண்டை எப்படிப் பரம்பரையாக வருகிறது என்று ஆராய்ந்த ரெஜினால்ட் புன்னெட் என்ற விஞ்ஞானி போட்டுக் காட்டிய கணக்கு இது.

இரட்டை 'மோ'வில் ஒரு வில்லங்கம்

சானென் போன்ற ஐரோப்பியப் பால் ஆடுகளில் இந்தக் கட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டிக்கு 'மோமோ' என்று இரண்டும் சேர்ந்துவிட்டால், அது ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் பிறக்கும். சினை பிடிக்காது. ஒரு 'மோ' மட்டும் இருந்தால் ஒரு குறையும் இல்லை. இதற்குக் காரணமான மரபணுக் கோளாறை 2001-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

வழி? மோழைக் கிடாவுக்குக் கொம்புள்ள பெட்டையைச் சேர்த்தால் போதும். கட்டம் போட்டுப் பாருங்கள், 'மோமோ' வரவே வராது!

மனுஷனுக்கும் இதே கட்டம்தான்

ஒன்று இருந்தால் தொல்லையில்லை, இரண்டு சேர்ந்தால் ஆபத்து. மனிதர்களில் தலசீமியா என்ற ரத்த நோய் அப்படிப்பட்டதுதான். ஒரு ஜீன் மட்டும் உள்ளவர் 'கேரியர்'. நன்றாகவே இருப்பார். கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால், குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கடுமையான நோய் என்றால், சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்திலிருந்து உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ஆனால் அதற்குப் பொருத்தமான மஜ்ஜை கிடைக்க வேண்டும், செலவும் அதிகம்.

"மூத்தது நோயோட பிறந்துடுச்சு, இனி மூணும் நல்லா பிறக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். கட்டத்துக்கு ஞாபகசக்தி கிடையாது! ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே நாலில் ஒன்றுதான். "மருமக ராசி" என்று பேசுவதும் தப்பு. இரண்டு ஜீனில் ஒன்று உங்கள் மகன் கொடுத்ததாயிற்றே!

சொந்தத்தில் ஏன் யோசிக்கணும்?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நாலில் ஒருவருக்கும் மேல் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். மாமன் ஒரு கேரியர் என்றால், அவருடைய அக்காவும் கேரியராக இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளுக்கு நாலில் ஒரு பங்கு. அத்தை மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. அசலில் பெண் எடுத்தால் இது பெரும்பாலும் இன்னும் குறைவு.

அதற்காக, சொந்தத்தில் கல்யாணம் செய்தாலே நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். அசலில் கட்டினால் வரவே வராது என்றும் இல்லை. சர்க்கரை, உயரம் போன்றவை பல ஜீன்கள் சேர்ந்து நடத்தும் விவகாரம். அவற்றை நாலு கட்டத்தில் அடக்க முடியாது.

என்ன செய்யணும்?

* நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இருவரும் முழு ரத்தப் பரிசோதனையும், 'ஹீமோகுளோபின் ஏ-2' பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

* மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் சோகை தீரவில்லையா? நீங்கள் கேரியரா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* கல்யாணம் ஆகிவிட்டது, இருவருமே கேரியர் என்றால், கர்ப்பமான உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சுமார் 11-வது வாரத்திலேயே நச்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தைக்கு நோய் உண்டா என்று பார்க்க முடியும்.

ஆட்டுக்கு ஜோடி சேர்க்கும்போதே கொம்பைப் பார்த்துச் சேர்க்கிறோம். பிள்ளைகளுக்கு ஜாதகத்தோடு ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாமே!