அண்ணன் தம்பி சண்டையில் உறைந்த உலகம்

டொமினாரியா என்ற கற்பனை உலகத்தில் ஆண்டுக்கணக்கே இரண்டு சகோதரர்களின் பிறப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஆண்டின் முதல் நாளில் பிறந்தவன் அர்சா. அதே ஆண்டின் கடைசி நாளில் பிறந்தவன் மிஷ்ரா. இந்த இருவரும் போட்ட சண்டையால், அவர்கள் பெயரைக்கூடச் சரியாக அறியாத தலைமுறைகள் ஏறக்குறைய 2,500 ஆண்டுகள் பனியாறுகளுக்கு நடுவே வாழ வேண்டியதாயிற்று.

இந்த உலகம் பிறந்த இடம் நாவலோ சினிமாவோ அல்ல, ஒரு சீட்டு விளையாட்டு. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் வடிவமைத்து 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’தான் அது. ஆடுகிறவர்கள் இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைப் பூஜ்யமாக்கினால் வெற்றி. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், அதன் கீழே சில விதிகள். புதிய தொகுப்புகள் வர வர, அந்தத் துணுக்குகளிலிருந்தே ஒரு வரலாறு முளைத்தது. 1994இல் வந்த ‘ஆன்டிக்விட்டீஸ்’ தொகுப்பு சகோதரர் யுத்தத்தைச் சொன்னது. 1995 ஜூனில் வந்த ‘ஐஸ் ஏஜ்’ அதன் பின்விளைவைச் சொன்னது.

சண்டையின் வேர் ஒரு கல். டொக்காசியா என்ற அகழ்வாய்வு அறிஞரிடம் வேலை கற்ற சிறுவர்கள், த்ரான் என்ற பழைய இனத்தாரின் குகையில் ஒரு சக்திக்கல்லைக் கண்டார்கள். அது இரண்டாகப் பிளந்தது. ஆளுக்கொரு பாதி கிடைத்தும் மற்றவன் கையில் இருந்த பாதி மீதுதான் இருவருக்கும் கண். வீட்டுச் சண்டை நாடுகளின் போரானது. உலோக யானைகளைப் போன்ற போர் இயந்திரங்கள் செய்வதற்காக மலைகள் தோண்டப்பட்டன, காடுகள் வெட்டப்பட்டன. இருவரின் நிலத்திலும் வளம் வற்றியபோது, கை படாத காடுகளோடு மிஞ்சியிருந்தது ஆர்கோத் தீவு ஒன்றுதான். இரண்டு படைகளும் அங்கே இறங்கின. தம்பியின் தோலுக்குள் இயந்திரம் புகுந்திருப்பதை அங்கேதான் அர்சா பார்க்கிறான். கையில் இருந்த சைலெக்ஸ் என்ற மந்திரக் கிண்ணத்தை அவன் இயக்க, தீவே வெடித்துச் சிதறுகிறது. ஆண்டு 64.

அந்தக் கிண்ணத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. அதை இயக்கினால் மேசையில் இருக்கும் ‘ஆன்டிக்விட்டீஸ்’ தொகுப்புச் சீட்டுகள் அத்தனையும், அந்தக் கிண்ணம் உட்பட, ஆட்டத்தை விட்டுப் போய்விடும். தன் கதையைத் தானே துடைத்தெறியும் சீட்டு! வடிவமைத்தவர்களுக்குக் குறும்பு கொஞ்சம் அதிகம்தான்.

வெடித்ததுமே பனி வந்துவிடவில்லை. வானிலை கெட்டு, அறிவும் அரசும் தேய்ந்த ஓர் இருண்ட காலம் முதலில் வந்தது. உறைபனிக் காலம் தொடங்கியது 450இல்தான். மந்திரக் கதைகளில் குளிர் பெரும்பாலும் யாரோ ஒருவரின் தீய விருப்பம். சி. எஸ். லூயிஸ் படைத்த நார்னியாவில் ஒரு சூனியக்காரி வேண்டுமென்றே குளிர்காலத்தை நிறுத்தி வைக்கிறாள். டொமினாரியாவின் பனியை யாரும் வேண்டி வரவழைக்கவில்லை. அதனால் போரிட்டு வெல்ல அங்கே ஒரு எதிரியும் இல்லை.

இந்தக் கற்பனைக்கு நிஜத்தில் காலூன்ற இடமுண்டு. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பனி பெய்தது. ஐரோப்பாவில் பயிர்கள் பொய்த்தன. 1983இல் கார்ல் சேகன் உள்ளிட்ட 5 விஞ்ஞானிகள், அணுகுண்டுப் போரில் எழும் புகையும் தூசியும் வெயிலை மறைத்துப் பூமியைக் குளிரவைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பனியாறு உருவாகக் கடும் குளிர்காலம்கூட அவசியமில்லை. கோடை பலவீனமாக இருந்தால் போதும். உருகாமல் மிஞ்சிய பனி அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகிறது, வெண்பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, குளிர் மேலும் கூடுகிறது. தம்போராவின் தாக்கம் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. நூற்றாண்டுகளுக்கு நீள வேண்டுமென்றால் மந்திரம்தான் கைகொடுக்க வேண்டும்.

குளிரை ஆடுகிறவருக்கு எப்படி உணர்த்துவது? ‘ஐஸ் ஏஜ்’ ஒரு நல்ல விதியைக் கண்டுபிடித்தது: ஒரு சீட்டை வைத்திருப்பதற்கான செலவு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும். ‘கிளேசியல் காஸம்’ என்ற பனியாற்றுப் பிளவுச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒளிந்துகொண்டால் எதிராளியால் உங்களைத் தொட முடியாது. ஆனால் உங்கள் படையும் தாக்க முடியாது. வாடகை முதல் முறை 2 உயிர்ப்புள்ளி, பிறகு 4, பிறகு 6. நான்காவது முறை 8 கொடுத்தால் மொத்தம் சரியாக 20. முழு உயிரோடு உள்ளே போனவரும் அதோடு காலி. பனிக்குள் பதுங்கிப் பிழைத்தவர்களின் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் இவ்வளவு உறைக்காது.

கதையில் கடைசியாக, ஃப்ரேலீஸ் என்ற மந்திர வல்லமையாள் டொமினாரியாவின் 2934ஆம் ஆண்டில் ‘உலக மந்திரம்’ ஓதிப் பனியை உருக்கினாள். எனினும் விளையாட்டு நிறுவனத்துக்குப் பனி மீதான ஆசை விடவில்லை. 2006இல் ‘கோல்ட்ஸ்னாப்’ தொகுப்பு வந்தது. ‘ஐஸ் ஏஜ்’ வரிசையில் காணாமல்போன பகுதி பழைய அலமாரியில் அகப்பட்டது என்று வேடிக்கையாக விளம்பரம் செய்தார்கள்.

அதில்தான் ‘டார்க் டெப்த்ஸ்’ இருந்தது. பனிக்கடியில் உறைந்து கிடக்கும் மாரிட் லாகே என்ற பேருருவின் சீட்டு. மேலே 10 பனிக்குறிகள். ஒன்றை அகற்ற 3 மந்திரசக்தி, ஆக மொத்தம் 30. சாதாரண ஆட்டத்தில் கட்டுப்படியாகாத செலவு. கடைசிக் குறி போனதும் 20 வலிமையோடு, அழிக்க முடியாத உருவம் பறந்து வெளியே வரும். ஒரே அடியில் ஆட்டம் முடியும்.

பொறுமையாக உருக்கியவர்கள் குறைவு. 2009இல் ‘வாம்பயர் ஹெக்ஸ்மேஜ்’ என்ற சின்னஞ்சிறு சீட்டு வந்தது. தன்னைப் பலிகொடுத்து, வேறொரு சீட்டின் மேலுள்ள குறிகளை எல்லாம் அது துடைத்துவிடும். இரண்டையும் சேர்த்தவர்களுக்கு, யுகக்கணக்கில் இறுகிய பனி ஒரு நொடியில் கரைந்தது. ‘மாடர்ன்’ என்ற போட்டிமுறை 2011இல் தொடங்கியபோது, முதல் தடைப்பட்டியலிலேயே ‘டார்க் டெப்த்ஸ்’ ஏறிவிட்டது.