குடலை மாற்றுவது ஏன் கடினம்?

சிறுநீரகத்தை மாற்றுகின்றார்கள், இருதயத்தையும் மாற்றுகின்றார்கள் என்று கேட்டுப் பழகிவிட்டோம். வெறுங் குழாய்போலக் கிடக்கும் சிறுகுடலை மாற்றுவது இவற்றினும் அரிது என்றாற் பலர் நம்பார்.

குடல் முறுக்குண்டு அழுகினால், உயிர் காக்க அதனை வெட்டியகற்ற நேரும். வளர்ந்தவருக்குச் சுமார் 20 அடி நீளமான சிறுகுடலிற் பெரும்பகுதி போய்விட்டால், உண்பது உடலில் ஒட்டாது. 1960களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறைப்படி, உணவுச் சத்தை நேரே பெருநாளத்துட் செலுத்தி இத்தகையோரை வாழவைக்கலாம். ஆயினும் ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தால் ஈரல் கெடுவதுண்டு; குழாய்வழியே கிருமி புகுவதுமுண்டு. இரவெல்லாம் குழாயோடு பிணைக்கப்பட்டு உறங்கும் பிள்ளையைப் பார்த்திருக்கும் தாய்க்கே அதன் பாரம் தெரியும்.

மாற்றுக் குடலைப் பற்றி வைத்தியர் பேசுவது அப்பொழுதுதான். குடலிழந்தவரின் வயிறு சுருங்கியிருக்குமாதலால், பெரும்பாலும் அவரினும் சிறிய உடலுடையவரின் குடலே வேண்டப்படும். எடுத்த குடல் பனிக்குளிரிற் சில மணிநேரமே தாங்கும். நாடியையும் நாளத்தையும் தைப்பது இன்று பெருவித்தையன்று. அதற்கு வழிகாட்டிய அலெக்சிஸ் கரல் 1912இலேயே நோபெல் பரிசு பெற்றுவிட்டார். தைத்த பின்னரே தொல்லை தொடங்குகின்றது.

குடல் கோடானுகோடி பற்றீரியாக்களின் குடியிருப்பு. அவற்றைக் காவல்செய்ய அதன் சுவரிலே நோயெதிர்ப்புக் கலங்கள் திரண்டு நிற்கின்றன. ஆகவே பெறுபவரின் உடல் புதிய குடலை எதிர்க்கும். குடலோடு வந்த அந்நியக் கலங்கள் பெறுபவரையும் எதிர்க்கக்கூடும். விருந்தாளி வாளோடு வந்த கதைதான்! மருந்தைக் கூட்டினாற் கிருமி பெருகும். குறைத்தாற் குடற்சுவர் புண்பட்டு, கிருமி குருதியிற் கலக்கும். எதிர்ப்பு மூண்டதை அறிவிக்கும் எளிய குருதிச் சோதனையும் இல்லை. எனவே குடலின் ஒரு முனையை வயிற்றின்மேல் திறந்துவைத்து, அதனூடே கருவி செலுத்தித் துணுக்கெடுத்து அடிக்கடி சோதிக்கின்றார்கள்.

அறுபட்ட நரம்புகளும் நிணநீர்க் குழாய்களும் தைக்கப்படுவதில்லை. தனக்கெனச் சொந்த நரம்புவலை இருப்பதாற் குடல் அசையும். ஒழுங்குபடத்தான் நாட் செல்லும். கொழுப்பு நிணநீர்வழியே செல்வதால், அவ்வழி மீண்டும் உண்டாகும்வரை கொழுப்புணவிற் கட்டுப்பாடு வேண்டும்.

1959இல் லில்லிஹை நாய்களிலே இதனைச் செய்து பார்த்தார். 1988இல் ஜேர்மனியின் கீல் நகரில், சகோதரி ஈந்த குடற்பகுதி ஒரு பெண்ணின் வயிற்றில் நிலைத்தது. யப்பானிய மண்ணில் வாழும் நுண்ணங்கியிலிருந்து பெற்ற தக்குரோலிமசு 1990களில் வழக்கத்துக்கு வந்தபின்னரே இச்சிகிச்சை பரவியது. இன்றும் குழாயுணவைத் தாங்குவோர்மீது வைத்தியர் கத்தி வைக்க விரும்புவதில்லை. மிகப் பிந்தினாலோ, குடலோடு ஈரலையும் மாற்ற நேரும்.